ஒரு மழைக்குப் பொறுப்பு

பாம்பூஃப்ளாட்டில் நாங்கள் வாங்கவிருந்த வீட்டுக்குக் கடைக்கால் இல்லை என்பதை அப்பா கண்டுபிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. கண்டுபிடித்தார் என்பது சற்று மிகையான சொல். மேட்டுச் சரிவில் பதினாறு படாக் மரத்தூண்களின்மேல், என் இடுப்பளவு உயரத்தில், அந்த வீடு ஊரறிய நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் கோழிகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தன. திருநெல்வேலிச் சீமையில், மூன்று முழம் தோண்டிக் கருங்கல் நிரப்பிய கடைக்கால்களையே கண்டு வளர்ந்த அப்பா, வீட்டை இருமுறை சுற்றிவந்த பிறகே திகைத்து நின்றார்.

“அஸ்திவாரம் எங்கவே?” என்று வீட்டை விற்பவரைக் கேட்டார்.

அவர் குனிந்து தரைப்பலகைக்குக் கீழே கையை நீட்டினார். “அதோ, பாபு. பதினாறு இருக்கு. எண்ணிக்கோங்க.”

“அது தூணுவே. நான் கேட்டது அஸ்திவாரம்.”

“அதுதான் அது.”

அவர் இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவருடைய பாட்டனார் கைதியாகக் கப்பலேற்றப்பட்டு வந்தவர். மதுரைப் பக்கம் என்பதற்குமேல் தம் ஊர்ப்பெயர் அந்தக் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. படகுகளின் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். சிப்பிகாட்டில் மகனுக்கு நிலம் வாய்த்ததால் இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அங்கே போகவிருந்தார். இந்தியில் நினைத்துத் தமிழில் பேசுபவரைப்போல, ஒவ்வொரு சொல்லுக்கும் சிறிது நின்று பேசுவார்.

எங்களுக்கு அந்த வீடு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவர் அறியார். அப்பா நாள்தோறும் படகேறிச் சாத்தாமுக்குப் போய்வரும் அரசு எழுத்தர். இரண்டாம் முறையும் அவருக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் மறுக்கப்பட்ட அன்று, “சொந்தமா ஒரு வீடுன்னா இருக்கேன். இல்லன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டு அடுத்த கப்பல்ல போயிருவேன்” என்று அம்மா தன் வழக்கை ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். அப்பா தனியாக இங்கே என்ன சமைத்து உண்பார் என்ற கவலையில் நான் சில நாள் உறங்கவில்லை.

தூண்களைச் சோதிக்க அப்பா குனியவில்லை. அலுவலகத்துக்குரிய வெள்ளைக் காற்சட்டை அணிந்திருந்தார். ஆகவே என் கையில் பேனாக்கத்தி ஒன்றைத் தந்து, விற்பவரோடு வீட்டுக்கடியில் அனுப்பினார். ஒவ்வொரு தூணின் அடியிலும் கத்திமுனையை அழுத்த வேண்டும். இறங்காவிட்டால் நல்ல தூண், இறங்கினால் செல்லரித்தது. நான் தவழ்ந்து தவழ்ந்து குத்தி, எண்ணைச் சொல்லி, “நல்லது” என்று கூவினேன். பதினோராம் தூணருகே அவரே என் கையை நகர்த்தி, “இங்க குத்து, பாப்பா” என்றார். முனை பழத்தில் இறங்குவதுபோல் இறங்கியது.

“பாபு, இது ஒண்ணு கெட்டுப்போச்சு. ரெஜிஸ்டர் ஆகறதுக்கு முன்னாடி மாத்தித் தர்றேன்” என்று அவரே வெளியே குரல் கொடுத்தார்.

சொன்னபடியே மாற்றியும் தந்தார். அதுவே அப்பாவை ஆழ்ந்த ஐயத்தில் ஆழ்த்தியது.

“குத்தத்த அவனே சொல்லுதான்னா, பெரிய குத்தம் வேற எங்கயோ இருக்கு” என்றார் அன்றிரவு உணவின்போது. அம்மா அதை மறுக்கவில்லை. ஆயினும் தன் நகைகளைக் கழற்றித் தந்தாள்.

சாவியைத் தர வந்த நாளில் விற்றவர் சொன்னவற்றை நான் அருகிருந்து கேட்டேன். அம்மா அப்போது அடுக்களையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுல ஒரு பழக்கம், பாபு. வீடு குடுத்தா ஒரு மழைக்கு நாங்க பொறுப்பு. மழைக்கு முன்னாடி வந்து கீழே பாப்பேன். மழை முடிஞ்சதும் வந்து பாப்பேன். அப்புறம்தான் அது உங்க வீடு.”

அப்பா அண்ணாந்து, கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணியபடியே தலையசைத்தார்.

“கீழே காத்து ஓடணும். பந்த் பண்ணாதீங்க, அடைச்சிடாதீங்க.”

அப்பா மீண்டும் தலையசைத்தார்.

கோடை விடுமுறையில் ஒரு நண்பகல், கொல்லைப்புறம் போன அம்மா விரைந்து திரும்பி வந்தாள். “ஏட்டி, நம்ம வீட்டுக்கடியில ரெண்டு காலு நீட்டிக்கிட்டு இருக்கு” என்று மெல்லச் சொன்னாள். நானும் அவளும் படியில் அமர்ந்து அந்தக் கால்களைப் பார்த்திருந்தோம். வெகுநேரம் கழித்து, வீட்டை விற்றவர் ஒரு தகர டப்பாவும் தூரிகையுமாக வெளியே வந்தார். கைகள் கறுத்திருந்தன. “பாதி ஆச்சு, பஹன். மீதி அப்புறம்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படகுத்துறை நோக்கி நடந்தார்.

“பாதி ஆச்சாம்” என்று மாலையில் அப்பாவிடம் அம்மா முறையிட்டாள். “என்னதுல பாதி? வித்த வீட்டுக்கடியில அவனுக்கு என்ன சோலி? கையில டப்பா வேற வச்சிருந்தான்.”

விடையைப் பக்கத்து வீட்டு அம்மையார் தந்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். “ஜப்பான்காரன் தீவைப் பிடிச்சிருந்த டைம்ல எல்லாரும் வீட்டுக்கடியில பொதைச்சாங்க, தங்கச்சி. சோனா, வெள்ளி, ஏன், சீனியைக்கூடப் பொதைச்சாங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விற்றவர் எதற்காக வந்தார் என்பது அப்பாவுக்குத் தெரியுமே; தெரியும் என்று இருமுறை தலையசைத்தாரே. தெரிந்தும் அப்பா அம்மாவோடு சேர்ந்து வியப்பதற்கு ஏதோ காரணம் இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். பெரியவர்கள் அறிந்ததைப் பிள்ளைகள் எடுத்துச்சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு அதிகப்பிரசங்கித்தனம் என்று பெயர்.

வாங்கும்போது குனிய மறுத்த அப்பா, அடுத்த ஞாயிறன்று மார்பால் ஊர்ந்து வீட்டுக்கடியில் நுழைந்தார். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துப் பின்னே சென்றேன். எட்டுத் தூண்கள் அடிமுதல் முழங்கால் உயரம்வரை கறுத்திருந்தன. படகுத்துறையில் வீசும் நாற்றம் அவற்றிலும் வீசியது.

“அடையாளம் வச்சிருக்கான்” என்றார் அப்பா.

கறுத்த எட்டுத் தூண்களின் அடியிலும் கடப்பாரையால் தோண்டினார். தூணைத் தாங்கிய கல்லின் பக்கங்களெல்லாம் குழிகளாயின. அகப்பட்டவை ஒரு துருப்பிடித்த கரண்டியும் உடைந்த பீங்கான் கிண்ணமுமே. “சீனி வச்ச கிண்ணமா இருக்கும்” என்றாள் அம்மா, வெளியிலிருந்து. அப்பா மண்ணைக் காலால் தள்ளிக் குழிகளை மூடினார். அந்த மூடலில் அழுத்தம் இல்லை என்பது விளக்குப் பிடித்திருந்த எனக்கே தெரிந்தது. ஆனால் சோதனை இப்படித்தான் போலும் என்றிருந்துவிட்டேன்.

புதையல் அகப்படாததால், அது இன்னும் உள்ளேயே இருக்கிறது என்பது உறுதியாயிற்று. இரண்டே நாளில் கொத்தனாரை அழைத்து, வீட்டின் நாற்புறமும் தரையிலிருந்து தரைப்பலகைவரை கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தார் அப்பா. கோழிகள் சுவரருகே வந்து, நின்று, யோசித்துத் திரும்பின. அப்பா சாலைவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்து, “இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு” என்றார்.

விற்றவர் மீண்டும் வந்தபோது மேகம் திரண்டிருந்தது. சுவரைத் தடவிப் பார்த்தபடி ஒருமுறை வீட்டைச் சுற்றினார். அம்மா கதவுக்குப் பின்னிருந்து, அப்பா இல்லை என்று சொல்லிவர என்னை அனுப்பினாள்.

“பாப்பா, அப்பாகிட்ட சொல்லு. நாலு பக்கமும் ரெண்டு ரெண்டு கல் எடுக்கணும். இல்லன்னா உள்ள தண்ணி நிக்கும். மறக்காம சொல்லு.” டப்பாவையும் தூரிகையையும் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்.

நான் ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன்.

“பாத்தியா, எட்டு ஓட்டை கேக்கான்” என்றார் அப்பா.

“ஆளு நொழைய ஒண்ணு போதுமே. எட்டு எதுக்கு?” என்றாள் அம்மா.

“எங்க பொதைச்சோம்னு அவனுக்கே மறந்திருக்கும்.”

அன்று நான் மிகவும் குழம்பினேன். கல்லை எடுக்கச் சொன்னவரும் பொய்யர்போல் தோன்றவில்லை. எடுக்க மறுத்தவரோ என் அப்பா.

பின்பு மழை வந்தது. மேட்டிலிருந்து இறங்கிய நீர் சுவரின் அடியில் கசிந்து உள்ளே புகுந்தது, வெளியேற வழியில்லை. முதலில் தரைப்பலகையில் வைத்த என் பலப்பம் வடக்கு மூலைக்குத் தானே உருண்டது. அதை நான் ஒரு விளையாட்டாக்கிக்கொண்டேன். பின் அடுக்களைக் கதவு மூடவில்லை. ஒரு பிற்பகலில் தேங்காய் உடைந்தாற்போல் ஓசை கேட்டது. வடக்கு மூலை ஒரு சாண் இறங்கிற்று. ஏனங்கள் எல்லாம் அந்த மூலைக்கு நகர்ந்து கூடின. அம்மா அவற்றை எடுக்கவில்லை. தகரப் பெட்டியின்மேல் அமர்ந்து, “அடுத்த கப்பல் என்னிக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். வெள்ளைக் காற்சட்டையைக்கூட மாற்றவில்லை. பக்கத்துக்கு இரண்டாக எட்டுக் கற்களைப் பெயர்த்தார். செந்நீர் பீறிட்டு அவர் முழங்கால்களை நனைத்துச் சரிவில் ஓடியது. ஏன் சரியாக எட்டு என்று நான் கேட்கவில்லை. மூலைக்கு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தார். கப்பல் போயிற்று, அம்மா போகவில்லை.

மழை முற்றிலும் ஓய்ந்தபின் விற்றவர் வந்தார். தோளில் பணிமனையிலிருந்து கொணர்ந்த ஜாக்கி இருந்தது. எட்டுத் துளைகளையும் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார். “சொல்லிட்டியே, பாப்பா. பாபுவும் கேட்டுட்டாரு.”

அப்பா குனிந்து, ஒரு துளைவழியே முதலில் உள்ளே நுழைந்தார். இருவரும் சேர்ந்து மூலையை உயர்த்தி, தூணின் அடியில் கல்லை இருத்தி, மண்ணைக் குத்தி இறுக்கினார்கள். பின் அவர் என் கத்தியைக் கேட்டு வாங்கி, பதினாறு தூண்களையும் தாமே குத்திப்பார்த்தார். எங்கும் முனை இறங்கவில்லை. செல் ஏறாதிருக்க, டப்பாவிலிருந்த பழைய எஞ்சின் எண்ணெயை எஞ்சிய எட்டுத் தூண்களுக்கும் பூசினார். கை கழுவியபின், “ஒரு மழை ஆச்சு, பாபு. இனி இது உங்க வீடு” என்றார்.

அப்பா தலையசைத்தார். விற்றவர் படகுத்துறைக்கு இறங்கி மறையும்வரை பார்த்து நின்றவர், என்னை அழைத்தார்.

“ஒரு மழைன்னானே, அது என்னட்டி?”

“சாவி குடுத்த அன்னிக்குச் சொன்னாரேப்பா. ஒரு மழைக்கு அவங்க பொறுப்புன்னு. நீங்ககூடச் சரின்னு தலையாட்டினீங்க.”

அப்பா படியில் அமர்ந்தார். அம்மா காப்பியை வைத்துவிட்டுப் போனாள், அது ஆறியது. கேட்டதற்குச் சரியான விடையைத்தான் சொன்னேன். அதற்காக அவர் ஏன் அத்தனை நேரம் தம் மண் படிந்த கைகளையே பார்த்திருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. தலையசைப்பவர்கள் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது.