முப்பத்தோராவது ஆள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து வகுப்பறை ஜன்னல்களைத் திறந்துவிடுகிறார் சித்தி றலியா. விரிவுரை ஒன்பதுக்குத்தான். மடவளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்.

தொடர்பாடல் துறையின் வாரஇறுதி வகுப்பில் நாங்கள் முப்பத்தொரு பேர். அவருக்கு ஐம்பத்தொரு வயது; மற்றவர்கள் யாரும் முப்பதைத் தாண்டவில்லை. முதல் நாள் மட்டும் பஸ் பிந்திவிட்டது. அவர் உள்ளே வர, விரிவுரையாளர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றோம்.

"இரிங்க புள்ளயள், நானும் படிக்கத்தான் வந்த" என்றார்.

குறிப்புகளுக்கு அடியில் அளவுகோல் வைத்துச் சிவப்புக் கோடு இழுப்பார். இடைவேளையில் ரொட்டி நீட்டுவார். வாங்கிக்கொண்டு நாங்கள் கன்டீனுக்குப் போய்விடுவோம்.

ஒருநாள், தொடர்பாடலைக் குழப்பும் இரைச்சலுக்கு உதாரணம் கேட்டார் விரிவுரையாளர். பஸ் ஹோர்ன், பக்கத்துக் கடை ரேடியோ என்று சொன்னோம். றலியா கை உயர்த்தினார்.

"ஊட்டுல ஒரு சத்தமும் இல்லாட்டி, அதுக்கு என்ன பேர் மிஸ்?"

சிலர் சிரித்தார்கள். பாடம் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

இருவர் இருவராகச் செய்யும் பயிற்சியில் எஞ்சுவது எப்போதும் அவர்தான். சென்ற வாரம், ஹந்தானையிலிருந்து என்னோடு வரும் சிநேகிதிக்குக் காய்ச்சல். அன்றும் வேறு யாராவது அகப்படுவார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டே அவர் அருகில் உட்கார்ந்தேன். ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும். மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

றலியா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டோஹாவில் வேலை செய்யும் மகன் அகீல் வெள்ளிக்கிழமைகளில் ஃபோனில் கோல் எடுப்பான். அவனிடம் சொல்ல ஏழு விஷயம் எழுதி வைப்பாராம். "ரெண்டு சொல்லக்குள்ள 'வேற என்ன உம்மா'ன்டு வெச்சிருவான். பாவம், வேல." முந்தின நாள் சொல்லாமல் எஞ்சியவற்றை எனக்கு வாசித்தார். கொய்யா காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டு றம்ஸியா திகனைக்கு மாறிப் போய்விட்டாள். கூரை ஒழுகுகிறது. மவுத்தாகி அடக்கமாகிப்போன அவன் வாப்பாவின் மூக்குக்கண்ணாடியை யாருக்காவது கொடுக்கலாமா?

விரிவுரையாளர் மேசையைத் தட்டினார். நேரம் முடிந்தது.

"ஏழாவது என்ன ஆன்ட்டி?"

"அது ஒன்டுமில்ல மகள். சாப்பிட்டியான்டு கேக்க."

அடுத்தது என் முறை. "எனக்கு சொல்ல ஒன்னும் இல்லங்க ஆன்ட்டி" என்றேன்.

அவர் கதிரையை நெருக்கமாக இழுத்துப் போட்டார். காதை மூடியிருந்த ஸ்கார்ஃபை விரலால் சற்றுத் தளர்த்தி, என் பக்கமாகச் சாய்ந்தார்.