கண்ணாடியைக் கழற்றிய நேரம்

தங்கச்சி டென்னிஸில் நாட்டுக்கே சாம்பியன். அக்கா மருந்துக்கடையில் பில் போடுகிறவள். முழங்கால் மட்டும் மக்கர் பண்ணாமல் இருந்திருந்தால் அவளும் ஆடியிருப்பாள். அந்த ஆத்திரத்தையெல்லாம் தங்கச்சிக்கு சர்வீஸ் போடக் கற்றுக்கொடுப்பதில் இறக்கி வைத்திருந்தாள்.

ஆட்டத்துக்கு நடுவே வெளியிலிருந்து யோசனை சொல்லக்கூடாதாம். விதியாவது வெங்காயமாவது! அக்காவின் கண்ணாடி மூக்கிலேயே இருந்தால் பந்தை நடுவில் போட வேண்டும், கழற்றினால் ஓரத்தில். சின்ன வயசிலிருந்து இதுதான் ஏற்பாடு. எந்த நடுவருக்கும் இதுவரை மூக்கில் வேர்த்ததில்லை.

இன்று இறுதி ஆட்டம். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், கோப்பை கைக்கு வந்துவிடும். ஆனால் எதிராளி ஓரத்தில் விழுந்த பந்தையெல்லாம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். நடுவில்தான் போட்டாக வேண்டும். கண்ணாடியைத் தொடவே கூடாது என்று, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா கைகளைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டாள்.

தங்கச்சி பந்தைத் தட்டியபடி நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்தா அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வர வேண்டும்? கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியவில்லை. சட்டென்று கழற்றித் துடைத்தாள். ஐயோ, கெட்டது குடி!

பந்து பறந்தது, நடுவில். ஓரத்துக்குப் பாய்ந்த எதிராளி அசடு வழிய நின்றாள்.

கோப்பையோடு வந்தவள்மேல் அக்கா எரிந்து விழுந்தாள். "ஏண்டி, நான் கழட்டினேனே, பாக்கலையா?"

"அதைப் பாத்து ஆடுறதை விட்டு நாலு வருஷமாச்சுக்கா. நீ நினைக்கிறதும் நான் நினைக்கிறதும் ஒண்ணாவே இருந்ததுல உனக்குத் தெரியலை."

"அப்புறம் எதுக்குடி ஒவ்வொரு தடவையும் என்னை நிமிர்ந்து பாக்குற?"

"நீ இருக்கியான்னு."