நத்தோ ஏறிய படிகள்

பத்திரம் எழுதும் நத்தோ கொள்ளைநோயில் சாகவில்லை. பிஸ்தோயா நகரில் எங்களைப்போலப் பிணம் தூக்கியவர்களில் பாதிப்பேர் செத்தார்கள். பாதிரிகள் செத்தார்கள். நத்தோவைத் தொட நோய்க்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

அவன் அப்பா செருப்பு தைத்தவர். சட்டம் படித்து வந்ததும் பேச்சில் அவரைத் தோல் வியாபாரி ஆக்கினான். உரோமம் வைத்த அங்கியைக் கோடையிலும் கழற்றமாட்டான்.

மனைவி பிலிப்பாவின் அக்குளில் கட்டி கிளம்பிய அன்றே, மருத்துவரை அழைத்துவருவதாகச் சொல்லிப் படியிறங்கினான். ஊரின் மறுகோடியில் அறை எடுத்துத் தங்கிவிட்டான். மூன்றாம் நாள் பிலிப்பாவை நாங்கள் நால்வரும் தூக்கினோம். பெரிய குழியில் ஏற்கெனவே நாற்பது பேர் இருந்தார்கள்.

அதே வாரம் சாயக்காரன் கோரோ படுத்தான். பிள்ளை இல்லை. உயில் எழுதாமல் செத்தால் வீடு அவன் அண்ணனுக்கு, மனைவி தெஸ்ஸா தெருவுக்கு. அவள் நத்தோவைக் கெஞ்சி அழைத்துவந்தாள். மூக்கில் காடியில் நனைத்த பஞ்சோடு அவன் தெருவிலேயே நின்றான்.

"மேல வாங்கய்யா. இன்னும் பேசுறாரு."

"நான் இங்கேருந்தே எழுதுறேன். அவன ஜன்னலுக்குக் கொண்டா. ஏழு சாட்சி அவன் முகத்தப் பாக்கணும், குரலக் கேக்கணும்."

பக்கத்து வீட்டுப் பிணத்துக்கு வந்திருந்த நாங்கள் மேலே போய்க் கோரோவை ஜன்னலில் தூக்கிப் பிடித்தோம். கீழே ரொட்டிக்கடைக்காரனும் அவன் இரண்டு மகன்களும் நின்றார்கள்.

"வீடு தெஸ்ஸாவுக்கு," என்றான் கோரோ. தெரு முழுக்கக் கேட்டது.

"மூணு பேர்தானே இருக்காங்க," என்றான் நத்தோ.

"நாங்க நாலு பேர் இருக்கோமே," என்றேன்.

"பொணந்தூக்கி வாக்கெல்லாம் சட்டத்துல செல்லாதுடா."

மைக்கூட்டை மூடிக்கொண்டு போய்விட்டான். மாலையில் கோரோவையும் தூக்கினோம். தெஸ்ஸா சாயப்பட்டறைக் கொட்டகையில் படுக்கத் தொடங்கினாள்.

குளிர்காலத்தில் நோய் போயிற்று. நத்தோவுக்குக் கல்யாண ஆசை வந்தது. பட்டு வியாபாரியின் மகள். முதல் மனைவி செத்ததைப் பார்த்தவர் யார் என்று பாதிரியார் கேட்டுவிட்டார். பார்த்த நால்வரில் நானும் பினோவும்தான் மிச்சம்.

நத்தோ மதுக்கடைக்கே வந்தான், அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"தம்பி, நீ பாத்தேல்ல? பாதிரியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"எங்க வாக்கு செல்லாதுங்களே ஐயா."

"சட்டப்படி அம்மா இன்னும் உசுரோடதான் இருக்காங்க," என்றான் பினோ. "நல்லபடியாக் குடும்பம் நடத்துங்க."

"சட்டம்னா... சூழ்நிலையையும் பாக்கணும்ல."

"அப்ப கோரோ உயிலுக்கும் சூழ்நிலை இருந்துதே," என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து உயிலை எழுதினான், கோரோ செத்த கோடை நாளின் தேதி போட்டு, ஏழு சாட்சிகளோடு. இறந்துபோன எங்கள் ஆட்கள் இருவரும் அந்தத் தேதியில் உயிரோடுதான் இருந்தார்கள். உண்மையை எழுதச் சொன்னால்தான் அவனுக்குச் சட்டம் நினைவுக்கு வரும்.

நாங்களும் பாதிரியாரிடம் சாட்சி சொன்னோம். கோரோவின் அண்ணன் வழக்குப் போட்டான். மன்றத்தில் உயிலை உரக்கப் படித்தார்கள். "நோயாளியின் கட்டிலருகே நின்று, அவன் கையைப் பற்றிக்கொண்டு, நான் கேட்டு எழுதியது" என்றிருந்தது. அப்படி எழுதச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, அவனாகச் சேர்த்தது. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நத்தோ அடக்கமாகத் தலைகுனிந்து நின்றான்.

நான் வாய் திறக்கவில்லை. தெஸ்ஸாவின் வீடு அந்தப் பொய்யின்மேல் நின்றது. மாடிக்கு எத்தனை படி என்று நத்தோவிடம் அண்ணன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

பதினொன்று. கோரோவை இறக்கும்போது எண்ணியிருக்கிறேன்.