பால்கோவாப் பெட்டி நாய்

ராஜபாளையத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயா. எத்தனை வருடம் என்று கேட்டால் கணக்கு இல்லை. நான் மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள், அவ்வளவு வருடம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எனக்குக் கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லித்தர இன்னும் ஒருவர் பிறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எல்கேஜி பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கைவேலை உண்டு. டீச்சர் ஒரு பக்கம் நோட்டுத் திருத்துவார், பிள்ளைகள் என்னிடம். காலி டப்பா, பழைய காலண்டர், நூல் மில்லில் கழித்துப் போட்ட அட்டைக் கோன், எது கிடைத்தாலும் வெட்டி ஒட்டுவோம். செய்தது இன்னதென்று செய்த பிள்ளையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஒரு மணி நேரத்தின் மேல் எங்கள் தாளாளருக்கு ஒரு கண். அதில் அபாகஸ் வைத்தால் பள்ளிக்கூடம் எங்கேயோ போய்விடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். கம்பியில் கோத்த மணியைத் தள்ளித் தள்ளிக் கணக்குப் போடும் படிப்பு அது. பிள்ளைக்கு நாலு வயது. டிரவுசர் பட்டன் போடத் தெரியாது. ஆனால் கணக்கில் கம்ப்யூட்டரை முந்திவிட வேண்டும். நல்ல ஆசைதான், யார் வேண்டாம் என்றது.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. வீணாகத் தூக்கிப் போடும் பொருளை வைத்துச் சிறு பிள்ளைகளே கையால் செய்தவற்றைக் கண்காட்சி வைக்கிறார்களாம். தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அங்க நம்ம பேரு நிக்கணும் ஆயாம்மா. நிக்கலைன்னா அடுத்த மாசம் உங்க வெள்ளிக்கிழமை அபாகஸுக்குப் போயிரும்."

"நிக்கும் சார்" என்றேன். என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது?

டீச்சர் சின்னப் பெண், பயந்துவிட்டார். "ஆயாம்மா, ஸ்டேஷனரி கடையில ஐஸ் குச்சி பாக்கெட் பாக்கெட்டா விக்குது. வாங்கி நாமளே ஒரு வீடு செஞ்சிருவோமா?"

"ஐஸ் திங்காம ஏதுங்க டீச்சர் ஐஸ் குச்சி?"

"புதுசு ஆயாம்மா. சுத்தமா இருக்கும்."

புதுக் குப்பை. காசு கொடுத்து வாங்கி வந்து, வீணாய்ப் போனது என்று எழுதி வைக்க வேண்டும். எனக்கு அந்தப் படிப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். ராஜபாளையத்துப் பிள்ளைகள் வேறு என்ன சொல்லும்? நாய்தான். வெள்ளை நாய், சிவந்த மூக்கு. காலுக்கு மில் கோன் இருந்தது. உடம்புக்குத்தான் பெட்டி வேண்டும். இந்த ஊரில் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சொந்தக்காரர் இல்லாத வீடு கிடையாது, அவர்கள் பால்கோவா இல்லாமல் படியேறுவதும் கிடையாது. ஆகையால் ஆளுக்கொரு காலிப் பெட்டி கொண்டுவரச் சொன்னேன்.

காலிப் பெட்டி என்று தெளிவாகத்தான் சொன்னேன். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வயிற்றுவலி என்று வரவில்லை. பெட்டி காலியாக வேண்டுமே என்று தாய்மார்கள் சாயங்காலமே புதிதாக வாங்கி, விடிவதற்குள் ஊட்டித் தீர்த்திருக்கிறார்கள். ஒரு தகப்பனார் மட்டும் முழுப் பெட்டியோடு வந்து நின்றார்.

"பிள்ள திங்க மாட்டேங்கு ஆயாம்மா. நீங்களே காலி பண்ணிக்கிடுங்க."

பண்ணினேன். பள்ளிக்கூடத்து வேலை என்று வந்துவிட்டால் நான் பின்வாங்குவதில்லை.

மைதா மாவில் பசை காய்ச்சி ஒட்டினோம். அழகாக ஒட்டியது. செத்த நேரத்தில் தலை கழன்று தரையில் விழுந்தது. மறுபடியும் ஒட்டினோம், இந்தத் தடவை வயிறு விழுந்தது. அட்டை முழுக்க நெய். நெய்யில் பசை எங்கே நிற்கும்? இத்தனை வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு இது தோன்றவில்லை. எனக்கு வந்த கோபத்தைப் பெட்டியின் மேல் காட்டவும் முடியவில்லை, நெய் நல்ல நெய்.

ஒரு பயல் ஓவென்று அழுதான். "ஆயாம்மா, நாய் செத்துப்போச்சு!"

"ஏலே, அழாத. அது சாகல, அடிபட்டுக் கெடக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். "அப்பன்னா கட்டுப் போடணும். எங்க அம்மா கம்பெனில கட்டுத் துணி அம்புட்டு கெடக்கு."

அவள் அம்மாவுக்குப் பேண்டேஜ் கம்பெனியில் தறி வேலை. மறுநாளே ஓரம் கிழிந்தது, நூல் விட்டது என்று கழித்துப் போட்ட துணியை ஒரு பை நிறைய அந்த அம்மா கொண்டுவந்தார். பெட்டிகளைச் சேர்த்து வைத்துத் துணியைச் சுற்றினோம். சுற்றச் சுற்ற அதன் மேல் பசையைத் தடவினோம். பசை துணியைப் பிடித்தது, துணி பெட்டியைப் பிடித்தது, பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்தார்கள். இரண்டு பேருக்குத் தலைமுடி வெட்ட வேண்டி வந்தது. வெயிலில் காயவைத்ததும் நாய் வடகம் மாதிரி விறைத்து நின்றது. வெள்ளை தானாக வந்துவிட்டது, பெயிண்டே வேண்டாம்.

கால் மட்டும் ஐந்து. ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு கால் செய்தார்கள். எதை விடுவது என்று கேட்டதற்கு ஐந்து பேரும் அழுதார்கள். சரி, ஒட்டு என்றேன்.

கண்காட்சி அன்று வேனில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். தாளாளர் வெள்ளைச் சட்டையும் சென்டுமாக முன்சீட்டில். மண்டபத்துக்குள் போனால், அடேயப்பா! காற்றாலை சுற்றுகிறது, வீட்டுக்குள் விளக்கு எரிகிறது. ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் ஒரு தாய், விரலில் பசை காயாமல் நிற்கிறாள். எங்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு ராக்கெட், என் இடுப்பு உயரம். அதன் முன்னால் ஒரு சின்னப் பயல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தாளாளர் ராக்கெட்டைப் பார்த்தார், எங்கள் நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வெள்ளிக்கிழமை அவர் முகத்திலேயே செத்துக்கொண்டிருந்தது.

நடுவராக வந்த அம்மாள் ராக்கெட் பயலிடம் குனிந்தார். "இத எப்படிப்பா செஞ்ச?"

"தொடக்கூடாது. அப்பா வைவாக."

அடுத்தது நாங்கள். "ஏன் கண்ணுகளா, நாய்க்கு அஞ்சு காலு?"

"ஒண்ணு என்னுது" என்றாள் ஒருத்தி. "ஒண்ணு என்னுது" என்றான் இன்னொருவன். ஐந்து பேரும் அவரவர் காலைப் பிடித்துக் காட்டினார்கள். மீதிப் பிள்ளைகள் வால் நான், காது நான் என்று கத்தினார்கள். இந்தக் கூச்சலில் நாயின் மூக்கிலிருந்து எறும்பு வரிசையாக இறங்கி மேஜைவிரிப்பில் நடந்தது. பால்கோவா வாசம் அதுகளுக்குத் தெரியாதா?

"ஐயையோ, என்ன இது?" என்றார் நடுவர்.

"உண்ணி" என்றான் எங்கள் பயல், கூசாமல். "நாய்னா உண்ணி இருக்கும்ல?"

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்றுவிட்டது. மற்ற நடுவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அத்தனை பள்ளிக்கூடத்துப் பெரியவர்களும் சுற்றி நிற்க, எங்கள் தாளாளரிடம் சொன்னார்.

"சார், பிள்ளைக கை பட்டது இங்க இது ஒண்ணுதான். உங்க ஸ்கூல்ல இதுக்குன்னு நேரம் ஒதுக்குதீங்களா?"

தாளாளர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "ஆமா மேடம். வாராவாரம் வெள்ளிக்கிழமை. நாந்தான் ரொம்ப யோசிச்சு ஏற்பாடு பண்ணினேன். அதுல மட்டும் நான் யாரையும் கைவைக்கவே விடமாட்டேன்."

அவர் அப்பேர்ப்பட்டவர் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. முதல் பரிசு ராக்கெட்டுக்குப் போனது. எங்களுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். அது இப்போது தாளாளர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை எடுக்க முடியுமா? வெள்ளிக்கிழமை என்னிடமே நின்றது. ஆனால் அபாகஸுக்கு வாத்தியாரை முன்னமே பேசிவிட்டார்களே, அவருக்கு ஏதாவது நேரம் கொடுத்தாக வேண்டும். யோசித்துப் பார்த்து, பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரத்தைக் கொடுத்தார்கள். வாத்தியார் நல்ல மனிதர். தினமும் முன்னால் நின்று மணியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் முன்னைவிட நன்றாகத் தூங்குகிறார்கள்.