வாடாத டெய்சி, ஒரு பிடி

செப்டம்பர் மாதச் சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு மெல்பர்ன் ரோவிலிலிருந்து கிளம்பினோம். வண்டி ஓட்டியது நான். பக்கத்தில் அடுத்த வீட்டு ஜசிந்தா அன்ரி, மன்னார்க்காரர். மில்டூராவுக்கு ஏறக்குறைய ஐந்நூற்று எழுபது கிலோமீட்டர். அங்கிருந்து மங்கோ தேசியப் பூங்கா இன்னும் நூற்றுப்பத்து. வழி நெடுக என் கண் வேகமானியிலேயே இருந்தது. இங்கேயே நிரந்தரமாகத் தங்க நான் போட்ட பிஆர் விசா விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. “சின்னத் தப்புகூட உங்க பேர்ல பதிவாகக் கூடாது” என்று ஏஜென்ட் சொன்ன நாளிலிருந்து வேக எல்லைக்கு ஐந்து கிலோமீட்டர் குறைத்தே ஓட்டுகிறேன். பின்னால் வருகிறவர்கள் திட்டினால் திட்டட்டும்!

அன்ரியின் கணவரை அடக்கம் செய்தது மெல்பர்னில். ஞாயிறு தவறாமல் கல்லறைக்குப் பூக் கொண்டுபோவார். அடுத்த வாரம் சிட்னி பென்டில் ஹில்லுக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். பாலைவனத்து டெய்சி காய்ந்தாலும் வாடாது என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன்.

“அப்ப ஒருக்காக் காட்டன் பிள்ளை” என்றார்.

மதியம் ஒன்றரை. பூங்காக் கட்டணம் வண்டிக்கு எட்டு டாலர். செம்மண் மேடு முழுக்க முழங்கால் உயரச் செடிகள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குமிழ்; அசல் ஹாஃப்பாயில் முட்டைதான். தொட்டால் காகிதம்போலச் சரசரக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாத மண்ணில் இத்தனை பூவா என்று குனிந்து பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் அன்ரி கையில் ஒரு பிடி!

“ஐயோ அன்ரி! பறிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கே!”

“இவ்வளவு கிடக்கு, ஒரு பிடிதானே. இனி ஆர் அவருக்குப் பூ வைக்கிறது?”

அன்ரி வண்டியில் ஏறி, பூக்களை மடியில் வைத்து, மேலே சால்வையைப் போட்டுக்கொண்டார். வண்டியை எடுத்தேன்.

இரண்டே கால். பின்னால் பூங்காக் காவலரின் வண்டி விளக்கடித்தது. நிறுத்தினேன். அந்தப் பெண் ஜன்னலருகே வந்து வாய் திறப்பதற்குள், “ஸாரி, இவங்க பூ பறிச்சுட்டாங்க” என்று ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். ‘இவங்க’ என்றுதான் சொன்னேன். ‘நாங்க’ என்றுகூடச் சொல்லவில்லை.

காவலர் அன்ரியைப் பார்த்தார். அன்ரி சால்வையை விலக்கிப் பூக்களை நீட்டினார். “இனிமேல் செய்யாதீர்கள்” என்று வாங்கிக்கொண்டார் காவலர். அபராதம் இல்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. “மழை வருகிறது, மண்பாதையை மூடப்போகிறோம். அதைச் சொல்லத்தான் நிறுத்தினேன்” என்றார்.

அன்றிரவு மில்டூராவில் தங்கினோம். அன்ரி எப்போதும்போலவே பேசினார், சாப்பிட்டார். நான்தான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணி, ரோவில். கல்லறைக்குப் போகலாமா, வழியில் பூ வாங்கித் தருகிறேன் என்றேன்.

“வேண்டாம் பிள்ளை, களைச்சுப் போனாய்” என்று இறங்கினார். கதவைச் சாத்துமுன் குனிந்து பார்த்தார். “நீ ஒண்டுக்கும் யோசியாதை. உன்ர விசாவுக்கு ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறனான்.”

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அவர்.