முகூர்த்த நாளில் திசை மாறிய தண்ணீர்

துளசி படித்தது ஜியாலஜி. பெரிய காஞ்சிபுரத்தில் அவள் தெருவில் பாதிப் பேர் அதை வாஸ்து என்று நினைத்தார்கள். மீதிப் பேர் எலுமிச்சம்பழத்தோடு வந்து, "போர் எங்கம்மா போடலாம்?" என்று கேட்டார்கள். அவள் அம்மா பொன்னி மட்டும் பெண் பார்க்க வந்தவர்களிடம் தெளிவாகச் சொன்னாள்: "எங்க பொண்ணு பூமிக்கு ஸ்கேன் எடுக்குது." வந்தவர்கள், "கிட்னியெல்லாம் பாக்காதா?" என்று கேட்டுவிட்டுக் காபியோடு கிளம்பினார்கள்.

உண்மையில் துளசி செய்தது வேறு. ஓர் இடத்தில் தோண்டிய போர்வெல்களில் எந்த ஆழத்தில் களிமண், எங்கே மணல், எங்கே பாறை என்று விசாரித்து, கம்ப்யூட்டரில் பூமியை அடுக்கடுக்காகக் கட்டுவாள். பிறகு அதற்குள் தண்ணீரை ஓடவிட்டுப் பார்ப்பாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டு மாடியிலிருந்தே வேலை. ஊர் ஊராகச் சுரங்கமும் குப்பைமேடும் பார்த்தவளிடம் சொந்தத் தெருவைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஒரு கல்யாணம் கேட்க வைத்தது.

தெருவின் ஒரு பக்கம் குமாரசாமியின் சாயப்பட்டறை. எதிரே ரத்னமாலா அம்மாளின் கல்யாண மண்டபம். ரத்னமாலா ஜைனக் குடும்பம். வடிகட்டாத தண்ணீரைத் தொடமாட்டார். மண்டபத்துக் குழாய் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். அந்த வைகாசி முகூர்த்தத்தில் துணிகள் ரோஜா நிறமாகிவிட்டன. யாரும் கவனிப்பதற்குள், பித்தளைச் சொம்பில் தண்ணீர் பிடித்து மாப்பிள்ளையின் காலைக் கழுவியாயிற்று. சிவந்த பாதங்களோடு அவர் மணமேடை ஏறியதைப் பார்த்து, "நலங்குன்னா இப்படி இல்ல வெக்கணும்!" என்று ஒரு அத்தை மெச்சினாள். கை கழுவப் போன சம்பந்தி, வேட்டியெல்லாம் சிவப்புத் திட்டோடு திரும்பியபோதுதான் விஷயம் புரிந்தது.

ரத்னமாலா ஈரத்துணியோடு தெருவைக் கடந்தார்.

"குமாரசாமி, உன் சாயம் என் கிணத்துக்கு எப்படிப்பா வந்துது?"

"அது இருக்கட்டும்மா. உங்க கிணத்து உப்பு என் கிணத்துக்கு வந்துக்கினு இருக்குதே, அதுக்கு யாரு பதில் சொல்றது? மாம்பழக் கலர் போட்டா பட்டு சாணிக் கலர்ல வெளிய வருது!"

கூட்டம் கூடிவிட்டது. தண்ணீர் எப்படி இரண்டு பக்கமும் ஓடும்? யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரு முடிவு கட்டியது. மாடியைக் காட்டி பொன்னி சொன்னாள்: "சண்டை எதுக்கு? எங்க பொண்ணு ஸ்கேன் எடுக்கும்."

துளசி போர் போட்டவர்களிடமெல்லாம் விவரம் வாங்கி மாடல் கட்டினாள். மண்டபத்து டிவியில் போட்டுக் காட்டினாள். பட்டறைக்கு அடியில் ஏகாம்பரநாதர் கோபுரத்தையே தலைகீழாக இறக்கிவிடலாம் போல ஒரு பள்ளம் தெரிந்தது.

"இது மேலயா நான் இத்தினி நாளா நின்னுக்கினு இருந்தேன்?" குமாரசாமி குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

துளசிக்கு முகம் சிவந்தது. சிலர் அடியில் சொன்ன கணக்கை அவள் மீட்டர் என்று ஏற்றியிருந்தாள். திருத்தியதும் பள்ளம் மறைந்தது. இரண்டு கிணற்றையும் இணைத்து, களிமண்ணுக்கு நடுவே புதைந்துபோன ஆற்று மணல் ஒரு பட்டையாக ஓடியது. சாயம் வந்த வழி அதுதான். ஆனால் மாடலில் தண்ணீர் மண்டபத்துப் பக்கம் மட்டுமே ஓடியது. உப்புக்குக் காரணம் கிடைக்கவில்லை.

துளசி குழம்பிக்கொண்டிருந்தபோது ரத்னமாலா போனில் யாரிடமோ, "ஆடியில மண்டபம் பூட்டித்தாம்பா இருக்கும்" என்று சொல்வது காதில் விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மண்டபத்து மோட்டார் தினமும் ஒரே மாதிரி ஓடுவதாக அல்லவா கணக்குப் போட்டிருந்தாள்! கடைக்கு ஓடிப் பஞ்சாங்கம் வாங்கினாள்.

மறுநாள் சென்னையிலிருந்து மேலாளர் மனோஜ் கூப்பிட்டார். "துளசி, மாடல் டேபிள்ல 'சுபமுகூர்த்தம்'னு ஒரு கட்டம் இருக்குதே, என்னது?"

"பம்பிங் ஷெட்யூல் சார். மோட்டார் ஓடுற நாள் கணக்கு."

அந்தப் பக்கம் அவர் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

இப்போது எல்லாம் பொருந்தியது. முகூர்த்த நாளில் மண்டபத்து மோட்டார்கள் இழுக்க, விரிசல் விட்ட சாயக் கழிவுத் தொட்டியிலிருந்து சிவப்பு அந்தப் பக்கம் போயிற்று. கல்யாணமில்லாத நாட்களில் பட்டறை மோட்டார் இழுக்க, மண்டபத்துக் குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் பிரித்தெடுத்து மழைநீர்க் குழியில் கொட்டிய உப்பு இந்தப் பக்கம் வந்தது.

"அப்ப தப்பு யாரு மேல?" என்றார் ரத்னமாலா.

"ரெண்டு பேர் மேலயும்தான்மா."

அன்றுதான் இருவரும் முதல்முறையாக ஒற்றுமையானார்கள். "படத்தை நம்பக்கூடாதும்மா," என்றார் குமாரசாமி. "பள்ளம்னு சொன்ன படம்தானே!" என்று ஆமோதித்தார் ரத்னமாலா.

துளசிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆடி முழுக்கத் துணி வெள்ளையா இருக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்துல சிவக்கும். பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

ஆடியில் துணி வெள்ளையாகவே இருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று தெருவே மண்டபத்துக் குழாயடியில் கூடியது. துணி மெல்ல ரோஜா நிறமாக, கூட்டம் கைதட்டியது. மேளக்காரர்கள் தாலி கட்டியாயிற்று என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள்.

அதன்பின் பேச்சில்லை. குமாரசாமி பழைய தொட்டியை இடித்து, சொட்டுக்கூட ஒழுகாத தொட்டி கட்டினார்; கழிவைச் சுத்திகரிப்புக்கு அனுப்பினார். ரத்னமாலா உப்புத் தண்ணீரைக் குழியில் விடுவதை நிறுத்தி, லாரியில் ஏற்றி அனுப்பினார். கிணறு தெளியத் தை மாதம் ஆகும் என்றாள் துளசி. கார்த்திகையிலேயே தெளிந்துவிட்டது. தெருவுக்கே சந்தோஷம். துளசி மட்டும் மாடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணிதான் சுத்தமாயிடுச்சே, இன்னும் என்னம்மா?" என்றாள் பொன்னி.

"சீக்கிரமா சுத்தமாயிடுச்சும்மா. ஏன்னு தெரியணும் இல்ல?"