இருதயம்மாவின் வருமானக் கணக்கு

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைக் காலமெல்லாம் பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற இருதயம்மாவைத் தேர்தலில் நிறுத்தியது அவளுடைய வாய்தான்.

பிரதேச சபைத் தேர்தல் அறிவித்ததும் பழைய மெம்பர் ஓட்டுக் கேட்டு லயத்து வரிசை வீடுகளின் வாசலுக்கு வந்தார். அவர் இதற்குள் பதுளை ரோட்டோரமாக மாடி வீடு கட்டியிருந்தார்.

"போன எலெக்ஷன்ல எங்களோட ஒரே கூரைக்குக் கீழதான இருந்தீங்க. இப்ப மாடிக்கு ஏறிட்டீங்க, சந்தோஷம்" என்றாள் இருதயம்மா. "என்ன வருமானம், எவ்வளவு வரி கட்டுனீங்கன்னு ஒரு தாள்ல எழுதி இங்க ஒட்டிட்டுப் போங்க."

"அதெல்லாம் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் குடுத்தாச்சும்மா."

"ஆணைக்குழுவா உங்களுக்கு ஓட்டுப் போடப் போகுது?"

லயமே சிரித்தது. பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போட்டோகாப்பிக் கடை வைத்திருக்கும் தயாபரன் அந்த வாரமே அவளைத் தன் சுயேச்சைக் குழுவில் சேர்த்துக்கொண்டான். குழுவுக்கு அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான். ஒவ்வொரு வேட்பாளரும் தன் வருமானத்தையும் சொத்தையும் ஊர் நடுவில் தானே வாசிக்க வேண்டும்.

"மத்தவங்களக் கேக்க முந்தி நாம காட்டணும்க்கா."

அவளுக்கும் அது பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் அவன் கடைக்குப் போனாள்.

தயாபரன் கேட்கக் கேட்க, அவள் சொல்லச் சொல்ல, கணக்கு ஏறியது. ஓய்வுபெற்றபோது வந்த சேமலாபப் பணத்தில் மிச்சம், ஒரு பசு, எப்போதாவது கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் கூலி.

"அடுத்தது உங்க மகன் றுஷாந்தன். மாசம் எவ்வளவு அனுப்புறான்?"

இருதயம்மா கணினித் திரையைப் பார்த்தாள்.

மகன் கத்தாருக்குப் போன புதிதில் காசும் பார்சலும் வந்தது உண்மை. வெளிநாட்டுப் பார்சல் வந்தால் அதைத் தனியாக வைத்துக்கொள்வது லயத்தில் வழக்கமில்லை. வீட்டுக்கொரு குளிக்கிற சவுக்காரமாவது, ஒரு கை டொபியாவது போக வேண்டும். பிறகு காசு நின்றது. கோபமோ சண்டையோ எதுவும் இல்லை. போன் குறைந்தது, அதோடு எல்லாமே குறைந்தது. ஆனால் நத்தார்ப் பண்டிகை மட்டும் குறையாமல் வந்தது. காசு நின்ற முதல் வருடம் அவள் பதுளையில் பஸீல் கடைக்குப் போய், அரபு எழுத்துப் போட்ட சவுக்காரமாகப் பார்த்து வாங்கிவந்து, "மகன் அனுப்பினது" என்று வீடு வீடாகக் கொடுத்தாள். அதன் பிறகு எந்த வருடமும் நிறுத்த முடியவில்லை.

"சைபர் போடுங்க தம்பி."

தயாபரன் விசைப்பலகையிலிருந்து விரல்களை எடுத்துவிட்டான். "என்னக்கா நீங்களே இப்படி? மெம்பரக் கேள்வி கேட்டுட்டு மகன் காச மறைச்சா நம்மளக் கிழிச்சிருவாங்க. கூடக்கொறைய ஒரு தொகை சொல்லுங்க."

இருபதாயிரம் என்றால் போதும். யாரும் சந்தேகப்படமாட்டார்கள். காகிதத்திலாவது மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். சற்று நேரம் அவளுக்கு அந்தத் தொகை இனிக்கத்தான் செய்தது. மெம்பரும் இப்படித்தான் ஒரு தொகை சொல்லியிருப்பார் என்று தோன்றியதும் கசந்தது.

"மறைக்கல தம்பி. அவன் அனுப்புறதில்ல."

தயாபரன் நிமிராமல் தட்டினான். கொஞ்சம் கழித்து, "வேணும்னா அந்த ஒரு வரிய வாசிக்காம விட்டுருங்கக்கா" என்றான்.

"நான் ஒண்ண விட்டா மெம்பர் ஒம்பத விடுவாரு."

ஞாயிறு பூசை முடிந்து தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். இருதயம்மா எழுந்து வாசித்தாள். சேமலாபம், பசு, கூலி. "வெளிநாட்டு வருமானம், இல்லை."

மெம்பரின் ஆள் ஜீவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "மகன் காச எங்கக்கா பொதச்சு வச்சிருக்கீங்க?"

"அனுப்பினாத்தான பொதைக்க."

"அப்ப நத்தாருக்கு நத்தார் சவுக்காரம் வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

"பதுளையில, பஸீல் கடையில விழுந்துச்சு. நீயும் போனா பொறுக்கலாம், காச எடுத்துட்டுப் போ."

சிரிப்பு கிளம்பியது. பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு யசோதினி மடியிலிருந்த பிள்ளையின் சட்டைப் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்தபோது தயாபரன் ஓடிவந்து, "ஓட்டு நமக்குத்தான்க்கா, எழுதி வச்சுக்குங்க" என்றான். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் லயத்துக்கே பொதுவான தண்ணீர்ப் பீலியில் எப்போதும்போல் குடமும் வாளியும் முட்டிக்கொண்டிருந்தன. யார் முந்தி வந்தது என்ற சண்டை தூரத்திலிருந்தே கேட்டது. இருதயம்மாவைக் கண்டதும் அடங்கியது. யசோதினி பாதி நிறைந்த தன் வாளியை இழுத்துக்கொண்டு விலகினாள்.

"நீங்க புடிங்கக்கா."

சாவு விழுந்த வீட்டுக்காரிக்குத்தான் அங்கே இப்படி வழிவிடுவார்கள்.

"நீ புடிச்சு முடி. நான் இப்பதான வந்தேன்."

"பரவால்ல, புடிங்க."

மற்றப் பெண்களும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். இருதயம்மா குடத்தை வைத்தாள்.